அவரான் சொன்ன வழி

மகர மாதத்துக் காலை வெயிலில், வலையில் விழுந்த அயிலை மீன்களைத் தோணிக்குள் உதறிக்கொண்டிருந்தபோதுதான் அவரானைப் பரங்கிகள் பிடித்தார்கள். முதலில் அவர்களுக்கு அவன் வெறும் மீன்காரன். மீனை எடுத்துக்கொண்டு ஆளை விட்டிருப்பார்கள். ஆனால் அவர்களுடைய துபாஷி, கொச்சிக்காரன் வறீது, கப்பல் விளிம்பிலிருந்து குனிந்து, "உன் தொழில் என்ன?" என்று கேட்டுவிட்டான். வேறு யாராக இருந்தாலும் கையிலிருந்த மீனைத் தூக்கிக் காட்டியிருப்பார்கள்.

"மீனு சும்மா இருக்கற நாளைக்கு," என்றான் அவரான். "தொழில்னு கேட்டா, நான் இந்த வெள்ளியங்கடவு கழிமுகத்துக்கு மாலுமி. எந்தப் பெரிய கப்பல் ஆத்துக்குள்ள வரணும்னாலும் முன்னால நின்னு நான்தான் வழி சொல்லணும்."

வறீது அவனை இரக்கத்தோடு பார்த்தான். "இதை அவங்ககிட்ட அப்படியே சொல்லவா?"

"கேட்டே, சொன்னேன். ஒளிக்க இதுல என்ன இருக்கு?"

உடனே கயிறு இறங்கியது. அவரான் மேலே ஏற்றப்பட்டான். அவனுடைய தோணியைக் கப்பலின் வாலில் கட்டினார்கள்.

அந்தப் பரங்கிக் கப்பல் பதினோரு நாளாகக் கழிமுகத்துக்கு எதிரே நங்கூரமிட்டு நின்றது. கடலில் போகிற எந்தப் பாய்மரமும் தங்களிடம் சீட்டு வாங்கவேண்டும், மிளகைத் தங்களுக்குத்தான் விற்கவேண்டும், தாங்கள் சொல்வதுதான் விலை என்பது பரங்கிகளின் சட்டம். ஆற்றுக்குள்ளே, தாழங்காட்டுக்குப் பின்னால், பன்னிரண்டு துடுப்புப் படகுகள் மறைந்து கிடந்தன. அவற்றின் தலைவன் குட்டூசா, அவரானின் மனைவி கதியும்மாவின் அண்ணன். மலையிலிருந்து இறங்கிய அந்த வருஷத்து மிளகு முழுவதும் கரையில் பண்டகசாலையில் காத்திருந்தது. அதை வாங்க வந்த ஜித்தாக் கப்பல்கள் இரண்டு, பரங்கிக் கண்ணுக்கு எட்டாமல், தீவுகளுக்கு அப்பால் ஒதுங்கி நின்றன. சீட்டு வாங்கலாமா என்று ஊர்க்கூட்டத்தில் யாரோ மெதுவாகக் கேட்டபோது குட்டூசா சொன்ன பதிலை ஊரே இன்னும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது: "நம்ம வீட்டுக் கிணத்துல தண்ணி இறைக்க அடுத்த ஊர்க்காரன்கிட்ட சீட்டா? அப்ப குளிக்கறதுக்குத் தனிச் சீட்டு வேணுமே."

கப்பித்தான் பெல்ஷியோர் ஒல்லியான மனிதர். தாடி செம்பட்டை, மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது. அவரானைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு முதலில் தண்ணீர் பற்றித்தான் விசாரித்தார். கரையில் நல்ல தண்ணீர் எங்கே?

"வடக்க, புன்னைமரத்தடியில இருக்கற கிணறு. சர்க்கரை மாதிரி இருக்கும்," என்றான் அவரான். "தெக்க ஒண்ணு இருக்கு, அது வேண்டாம். உப்பு ஏறிக் கெடக்கு. குடிச்சா வயித்தைக் கலக்கிடும்."

கப்பித்தான் ஆட்களைத் தெற்குக் கிணற்றுக்கு அனுப்பினார். மறுநாள் காலையில் கப்பலில் பாதிப்பேர் விளிம்போரம் வரிசையில் நின்றார்கள்.

அன்றைக்கே மறுபடியும் ஒரு கேள்வி. காற்று எப்போது திரும்பும்? உச்சிப் பொழுதுக்குள் மேற்கிலிருந்து வீசும், பாயைச் சுருட்டி வையுங்கள் என்றான் அவரான். கப்பித்தான் பாயை விரிக்கச் சொன்னார். உச்சிக்கு முன்பே மேல்காற்று வந்தது. விரித்த பாய் படாரென்று நடுவில் கிழிந்தது.

அவரானுக்கு முகம் சுண்டிவிட்டது. பிடித்து வைத்ததைக்கூட அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பரங்கி என்றால் பிடிக்கத்தானே செய்வான். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அவன் சொன்ன வழியில் வந்த எந்தக் கப்பலுக்கும் கீறல் விழுந்ததில்லை. அவன் வார்த்தையை ஒருவன் கேட்டுக் கேட்டுத் தள்ளுவது இதுதான் முதல் தடவை.

"மாப்ளே," என்றான் வறீதிடம், பாய்மரத்தடியில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது. "உங்க கப்பித்தானுக்குக் காது கேக்காதா?"

"நல்லாவே கேக்கும்." வறீது குரலைத் தாழ்த்தினான். "போன வருஷம் வடக்க ஒரு துறையில ஒரு மாலுமி அவரை ஏமாத்திப் பாறையில ஏத்திட்டான். அன்னையிலேர்ந்து அவருக்கு ஒரு கணக்கு. உன்னைப்போல ஒரு சோனகன் இடது சொன்னா வலது, வலது சொன்னா இடது. நீ சொல்லு, அதுக்கு நேர் எதிராத்தான் செய்வாரு."

"நான் உள்ளதைத்தானே சொல்றேன்."

"அதுதான் அவருக்குப் புதுசு."

அவரான் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தான். அப்புறம் வெகுநேரம் அதை எடுக்கவில்லை. வறீது இரண்டு தடவை "ஆறிடுது, குடி" என்றான்.

மூன்றாம் நாள் பௌர்ணமி. கடல் ஊருக்குள் வந்துவிடுமோ என்கிறமாதிரி பெருகி ஏறும் நாள் அது. உச்சிப்பொழுதில் வெள்ளம் நிறையும்போது ஆற்றுக்குள் நுழைந்து, படகுகளையும் பண்டகசாலையையும் கொளுத்திவிட்டு, வெள்ளம் வடிவதற்குள் வெளியே வந்துவிடுவது என்று கப்பித்தான் தீர்மானித்தார். எட்டுப் பீரங்கிகளுக்கும் வெடிமருந்து கெட்டித்தார்கள். அவரானைக் கப்பலின் முகப்பான முன்னணியத்துக்கு இழுத்து வந்து நிறுத்தினார்கள்.

கழிமுகத்துக்கு நடுவே ஒரு மணல் திட்டு. அதன் வடபுறம் குறுகலான வாய். பாறைகள் துருத்திக்கொண்டிருக்கும், தண்ணீர் பழுப்பாகச் சுழிக்கும். தென்புறம் அகலமான வாய். வெள்ளம் நிறைந்த நேரத்தில் எண்ணெய் ஊற்றியதுபோலப் பளபளவென்று அமைதியாகக் கிடக்கும். கடந்த மழைக்காலம்வரை இரண்டுமே ஆழம்தான். இந்த மழையில் ஆறு கொண்டுவந்த மணலெல்லாம் தென்வாயில் மலையாகக் குவிந்துவிட்டது. அது அவரானுக்குத் தெரியும், ஊரில் மீன்பிடிக்கும் முக்குவர்களுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

"எந்தப் பக்கம்னு கப்பித்தான் கேக்கறாரு," என்றான் வறீது. அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

அவரான் யோசித்தான். பொய் சொன்னால் அந்த மனிதர் அதைத் திருப்பிப்போட்டுக்கொண்டு நேரே ஊருக்குள் போய்விடுவார். உண்மை சொன்னால், இத்தனை நாள் நம்பாதவர் இன்றைக்கென்று நம்பிவைத்தால்? ஊரில் கதியும்மா இந்த நேரத்துக்கு உலை வைத்திருப்பாள். படைத்தவனே, இந்த மனுஷன் புத்தியை இன்னும் ஒரு நாழிகை அப்படியே வைத்திரு என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டான்.

"வடக்கு வாய்," என்றான் உரக்க. "பாறையை ஒட்டியே போகணும். பார்க்கத்தான் பயமா இருக்கும், அடியில நாலாள் ஆழம். தெக்க போகவே கூடாது. அங்க முழுக்க மணல்."

வறீது மொழிபெயர்த்தான். கப்பித்தான் வடக்கே சுழித்த தண்ணீரைப் பார்த்தார். தெற்கே கண்ணாடியாகக் கிடந்ததைப் பார்த்தார். பிறகு அவரானின் முகத்தைப் பார்த்தார்.

"அல்லா மேல ஆணையாச் சொல்றேன்," என்றான் அவரான். "தெக்க போயிடாதீங்க."

அந்த ஆணை போதுமானதாக இருந்தது. கப்பித்தானின் உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. கையைத் தெற்கே நீட்டினார்.

கிழிசல் தைத்த பாயை மேல்காற்று நிறைத்தது. முன்னால் நின்றவன் ஈயக்குண்டைப் போட்டு ஆழம் கூவினான்: ஐந்து பாகம், ஐந்து பாகம், நான்கரை. அடுத்த தடவை அவன் வாயைத் திறப்பதற்குள் கப்பல் ஒரு பெரிய மாடு படுப்பதுபோல மெதுவாக, நிதானமாக மணலில் ஏறி நின்றது. நின்றவர்களெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அடுக்களையிலிருந்த அண்டா உருண்டு வந்து கப்பித்தானின் காலடியில் நின்றது.

வெள்ளம் வடியத் தொடங்கியது. வடிய வடியக் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஊரைப் பார்த்த நான்கு பீரங்கிகளும் வானத்தைப் பார்த்தன. மறுபக்கத்து நான்கும் நண்டுகளைக் குறிபார்த்தன.

கப்பித்தான் சாய்ந்த தளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்து அவரானிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு ஆள் ஏற்கனவே பாய்மரக் கொம்பில் சுருக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கப்பித்தான் ஏதோ கேட்டார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எங்களை மணல்ல ஏத்தணும்னு நினைச்சுத்தான் அப்படிச் சொன்னியான்னு கேக்கறாரு," என்றான் வறீது.

அவரான் ஒரு மூச்சு இழுத்தான். "ஆமா. அப்படித்தான் நினைச்சேன்."

வறீது அவனையே உற்றுப்பார்த்தான். பிறகு கப்பித்தான் பக்கம் திரும்பி, கையை ஆட்டி, நெஞ்சைத் தொட்டு, வானத்தைக் காட்டி, நீளமாக ஏதோ சொன்னான். மூன்று சொல்லுக்கு அவ்வளவு நீளமான மொழிபெயர்ப்பை அவரான் கேட்டதே இல்லை. நடுவில் கப்பலின் துடுப்புக்காரர்கள் இரண்டுபேர் தலையாட்டினார்கள். சுக்கான் பிடிப்பவனும் தலையாட்டினான். எல்லோருமே வடக்கு என்று அவரான் கத்தியதைக் கேட்டவர்கள். பின்னால் யாரோ ஒருவன் மெல்லச் சிரித்தான், அது இருமலாக மாறியது. கப்பித்தான் உரிந்த மூக்கைத் தடவிக்கொண்டு அப்படியே நின்றார். கடைசியில் சுருக்கை அவிழ்க்கச் சொன்னார்.

"என்ன சொன்னே மாப்ளே?" என்று அவரான் கேட்டான்.

"இந்தாளு சூதுவாது தெரியாத மடையன், சத்தியம் பண்ணி அழுதான், நீங்கதான் கேக்கலைன்னு சொன்னேன்."

"நான் அழலையே."

"மடையன்ங்கறதை விட்டுட்டு அழலையேங்கறான் பாரு. உன் கழுத்து இப்ப எங்க இருக்கு? தோள் மேலதானே? அப்ப பேசாம இரு."

அன்றும் மறுநாளும் பரங்கிகள் செய்யாததில்லை. ஆழத்தில் நங்கூரம் போட்டுக் கயிற்றை இழுத்தார்கள். நங்கூரம்தான் வந்தது. ஒரு சிறு படகைத் தெற்கே கொச்சிக்கு உதவி கேட்டு அனுப்பினார்கள். அது கழிமுகம் தாண்டியதும் குட்டூசாவின் ஆட்கள் மரியாதையாகப் பிடித்து, அதிலிருந்த ஆறு பேருக்கும் சோறு போட்டு, ஊரில் உட்காரவைத்தார்கள். மூன்றாம் நாள் குடிதண்ணீர் தீர்ந்தது. கரையிலோ அதற்குள் நாட்டு அரசர் சாமூதிரியின் நாயர் படை வந்து வேலோடு நின்றது. பரங்கி யாரும் இறங்க முடியாது.

"நீ போய்த் தண்ணி கொண்டுவரணுமாம்," என்றான் வறீது. "திரும்பி வரலைன்னா..." தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். "உனக்கு இல்ல. எனக்கு."

"வருவேன்," என்றான் அவரான்.

கரையில் கதியும்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். ஐந்து நாளாக அழுத கண். ஆனால் அவனைக் கண்டதும் முதலில் வந்தது வசவுதான்.

"தொழில் என்னன்னு கேட்டானாம், இவரு ஊர் மாலுமின்னாராம். அந்த ஆறு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறானுங்க. உங்க வாயைத் தைக்க ஊசி இல்லாமப் போச்சே எங்கிட்ட."

"புள்ளே, தண்ணிக் குடம் நாப்பது வேணும்."

"எதுக்கு?"

"திரும்பிப் போகணும்."

அவள் அடுத்த வசவை எடுப்பதற்குள் குட்டூசா வந்துவிட்டார். பெரிய உடம்பு, பெரிய குரல். அவரானைக் கட்டிப்பிடித்துத் தூக்கி இறக்கினார்.

"மச்சான், நீ பண்ணின வேலைக்கு உன்னைத் தோள்ல வச்சு ஊர்வலம் விடணும். சும்மா ரெண்டு தீப்பந்தம் எறிஞ்சா போதும், கப்பல் சாம்பல். இன்னைக்கே முடிச்சிடலாம்."

"வேணாம் மச்சான்."

"ஏன்?"

"துடுப்பு இழுக்கறவன் முக்காவாசி நம்ம கரைக்காரனுங்க, பிடிச்சு வச்சிருக்கானுங்க. வறீது இருக்கான். நெருப்பு வச்சா அவங்கதான் முதல்ல வேகுவாங்க. அப்புறம் ஒரு கப்பலுக்குப் பதிலா இருபது கப்பல் வரும்." அவரான் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தான். "அதை எரிச்சு என்ன பண்ணப்போறோம்? அமாவாசை வரைக்கும் அது நகராது. வடக்கு வாய் திறந்து கெடக்கு. மிளகை ஏத்திக்கிட்டுப் போங்க."

குட்டூசா தாடியைச் சொறிந்தார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் சிரிப்பு விரிந்தது. "பட்டப்பகல்லயா?"

"பட்டப்பகல்லதான். ராத்திரி பாறை தெரியாது."

அன்று மாலையே தீவுகளுக்கு ஒரு வேகப்படகு பறந்தது. அவரான் நாற்பது குடம் தண்ணீரோடு கப்பலுக்குத் திரும்பினான். கதியும்மா கடைசி நேரத்தில் ஒரு பொட்டலத்தைத் தோணிக்குள் எறிந்தாள். அரிசிமாவு ரொட்டியான பத்திரியும் சுட்ட கருவாடும். "அந்தத் துபாஷிக்கும் குடுங்க," என்றாள். "உங்க கழுத்தைக் காப்பாத்தினவன்."

தோணி வருவதைப் பார்த்த வறீது சாய்ந்த தளத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பத்திரியைத் தின்றபிறகுதான் எழுந்தான்.

ஐந்தாறு நாளில் ஜித்தாக் கப்பல்கள் இரண்டும் அடிவானத்தில் வந்து நின்றன. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில், நிலக்காற்று வீசும் நேரத்தில், பன்னிரண்டு படகுகளும் மிளகு மூட்டைகளோடு வடக்கு வாய் வழியே வரிசையாக வெளியே போயின. மாலையில் கடல்காற்றில் காலியாகத் திரும்பின. துப்பாக்கிக்கு எட்டாத தூரம். பீரங்கிக்கு எட்டும், ஆனால் பீரங்கிகள் வானத்தையும் நண்டையும் விட்டுத் திரும்பத் தயாராக இல்லை. முதல் நாள் படகுத் துடுப்புக்காரர்கள் பயந்து பயந்து மூச்சடக்கிப் போனார்கள். இரண்டாம் நாள் பாடினார்கள். மூன்றாம் நாள் குட்டூசா முன்னணியத்தில் எழுந்து நின்று, இளநீரை உயர்த்திக் காட்டி, ஒரே மூச்சில் குடித்தார்.

"சீட்டு வாங்க மறந்துட்டோம்," என்று தண்ணீர்மேல் அவர் குரல் மிதந்து வந்தது. "திரும்பி வரும்போது வாங்கிக்கறோம்."

"என்ன சொல்றான்?" என்று கப்பித்தான் கேட்டார்.

"வணக்கம் சொல்றாங்க," என்றான் வறீது.

கப்பித்தான் அதை நம்பவில்லை. எதையும் நம்பாமலே பழகியவர், கண்ணெதிரே மலைமலையாகப் போகும் மிளகைமட்டும் நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது. சாய்ந்த தளத்தில் ஒரு பெட்டிக்கு முட்டுக்கொடுத்து அதன்மேல் தினமும் உட்கார்ந்து பார்த்தார். ஈறு வீங்கிப் படுத்திருந்த அவருடைய ஆட்களுக்கு அவரான் அடுத்த தடவை தண்ணீருக்குப் போனபோது கரையிலிருந்து நாரத்தங்காயும் எலுமிச்சையும் கொண்டுவந்தான். முதலில் யாரும் தொடவில்லை. ஒருவன் துணிந்து சப்பினான். இரண்டு நாளில் அவன் எழுந்து உட்கார்ந்ததும் மற்றவர்கள் கூடையையே காலி பண்ணினார்கள். அன்று கப்பித்தான் அவரானைக் கூப்பிட்டுப் பெட்டியில் பாதி இடம் கொடுத்தார். இருவரும் கடைசிப் படகு கண்மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமாவாசைக்கு முந்தின நாள் மிளகு தீர்ந்தது. ஜித்தாக் கப்பல்கள் பாய் விரித்து மேற்கே போய்விட்டன.

"நாளைக்கு வெள்ளத்துல கப்பல் மிதக்குமான்னு கேக்கறாரு," என்றான் வறீது.

"இந்த வெள்ளம் பௌர்ணமி வெள்ளத்தைவிட ஒரு சாண் குறைச்சல். பாரத்தைக் குறைக்கணும். பீரங்கி எட்டையும் கடல்ல தள்ளினா மிதக்கும். இல்லைன்னா இங்கேயே மழைக்காலம் பார்க்கலாம்."

வறீது தயங்கித் தயங்கிச் சொன்னான். கப்பித்தான் அவரானின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். தன் கணக்குப்படி இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கூட்டிக் கழிப்பது கண்ணிலேயே தெரிந்தது. பிறகு தோளைத் தூக்கி இறக்கிவிட்டு, போய் முதல் பீரங்கியின் சங்கிலியைத் தானே அவிழ்த்தார்.

மறுநாள் உச்சியில் கப்பல் ஒரு பெருமூச்சோடு நிமிர்ந்தது. அவரான் முன்னணியத்தில் நின்று கையைக் காட்டக் காட்ட, சுக்கான் அவன் சொன்னபடியே திரும்பியது. ஆழத்துக்கு வந்ததும் வழக்கம்போலக் கயிறு வழியே தன் தோணியில் இறங்கினான். ஒருவரும் தடுக்கவில்லை. கயிற்றை விடுவதற்குள் பின்னால் தொம்மென்று ஏதோ விழுந்தது. வறீது, துணிமூட்டையோடு.

"எங்க வர்றே?"

"கொச்சிக்கு நடந்தே போய்க்கறேன். இந்தக் கப்பித்தானுக்கு இன்னும் பத்து நாள் மொழிபெயர்த்தா எனக்கு நாக்கு அழுகிடும். உங்க வீட்டுல பத்திரி இருக்கா?"

கப்பித்தான் விளிம்பில் நின்று இருவரையும் பார்த்தார். ஒருவன் துப்பாக்கியைத் தூக்கினான். அவர் அதைக் கையால் கீழே அழுத்தினார். கப்பல் தெற்கே திரும்பியது. கப்பலில் பிடித்து வைத்திருந்த துடுப்புக்காரர்களில் நாலைந்து பேர் குதித்து நீந்தி வந்துகொண்டிருந்தார்கள். அவரான் தோணியைத் திருப்பி ஒவ்வொருவராக ஏற்றினான்.

கரையில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. வெள்ளம் வடியட்டும் என்றுகூட யாரும் பொறுக்கவில்லை. முக்குவர்கள் தென்வாயில் குதித்து, மூழ்கி, கயிறு மாட்டினார்கள். ஆணும் பெண்ணும் இருநூறு பேர் மணலில் நின்று இழுத்தார்கள். முதல் பீரங்கி சேறு வழிய, வாய் நிறைய மணலோடு, கரையேறியது. குட்டூசா அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"இறங்குங்க காக்கா," என்று கதியும்மா கயிற்றைப் பிடித்தபடி அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். "இன்னும் ஏழு இருக்கு. உக்காந்திருக்கறவரையும் சேர்த்து நாங்க இழுக்கணுமா?"

அவர் சிரித்துக்கொண்டே இறங்கி அவள் பின்னால் கயிற்றைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் அவரான், அவரானுக்குப் பின்னால் வாயில் பத்திரியோடு வறீது. ஏலேலோ என்று யாரோ எடுத்துக்கொடுக்க, இரண்டாவது பீரங்கி அசைந்தது.